ஒரே கருத்துக்காரர்களின் ஊர்



வீடு பார்க்கப் போகிறவர்கள் என்ன கேட்பார்கள் என்று நமக்குத் தெரியும். நல்ல தண்ணீரா, உப்புத் தண்ணீரா? பஸ் நிறுத்தம் எவ்வளவு தூரம்? பக்கத்தில் பள்ளிக்கூடம் உண்டா? அமெரிக்காவில் இதோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது: அந்த ஊர்க்காரர்கள் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறார்கள்? கலிபோர்னியாவில் குடியரசுக் கட்சிக்காக நாடாளுமன்றத் தேர்தலில் இரண்டு முறை நின்று தோற்ற ஒருவர், குடும்பத்தோடு டெக்சாஸுக்குப் போய்விட்டார். அங்கே 2017இல் ‘கன்சர்வேட்டிவ் மூவ்’ என்ற வீட்டுத் தரகு நிறுவனத்தைத் தொடங்கினார். தம்மைப் போல எண்ணுகிறவர்களுக்கு, தம்மைப் போல எண்ணுகிறவர்கள் வாழும் பகுதியில் வீடு பார்த்துக் கொடுப்பதுதான் அதன் தொழில்.

இதை முதலில் பெரிய அளவில் கவனப்படுத்தியவர் பில் பிஷப் என்ற பத்திரிகையாளர். அவருடைய ‘தி பிக் சார்ட்’ என்ற நூல் 2008இல் வெளிவந்தது. அதில் அவர் காட்டிய கணக்கு இது. 1976 அதிபர் தேர்தலில், ஒரு கட்சி 20 சதவீதப் புள்ளிக்கு மேல் முந்திய கவுண்டிகளில் (நம் மாவட்டம் போன்றவை) வசித்தவர்கள், அமெரிக்க வாக்காளர்களில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். 2004இல் அது ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. இரண்டுமே நாட்டளவில் நெருக்கமான போட்டிகள். நாடு சரிபாதியாகப் பிரிந்து நின்றபோது, ஊர்கள் மட்டும் ஒவ்வொரு பக்கமாக ஒதுங்கிக்கொண்டிருந்தன.

பிஷப்பின் கணக்கை மறுத்த அரசியல் அறிஞர்களும் உண்டு. அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. 1950களிலும் 60களிலும் ஆண்டுதோறும் ஐந்தில் ஒரு அமெரிக்கர் வீடு மாறினார். இன்று பத்தில் ஒருவர்கூட மாறுவதில்லை. மாறுகிறவர்களும் பெரும்பாலும் வேலை, வாடகை, பள்ளி, பெற்றோர் என்று பார்த்தே மாறுகிறார்கள். அப்படியானால் ஊர்கள் ஏன் ஒரே நிறமாகின்றன?

பியூ ஆய்வு மையம் பல ஆண்டுகளாக ஒரு கேள்வி கேட்டு வருகிறது. வீடு பெரிதாக, தள்ளித் தள்ளி இருக்க வேண்டுமா, அல்லது சிறிதாக இருந்தாலும் கடைக்கும் பள்ளிக்கும் நடந்து போகும்படி இருக்க வேண்டுமா? குடியரசுக் கட்சியினரில் பெரும்பாலோர் முதலாவதைச் சொல்கிறார்கள். ஜனநாயகக் கட்சியினர் இரண்டாவதன் பக்கம் சாய்கிறார்கள். ஆக, தோட்டத்தைப் பார்த்து வீடு வாங்குகிறவர் தம்மையறியாமல் ஒரு கட்சியின் கோட்டைக்குள் குடிபுகுந்துவிடுகிறார்.

பின்னாளில் பொருளாதார நோபல் பெற்ற தாமஸ் ஷெல்லிங் 1971இல் இதன் கணக்கையே காட்டினார். கட்டம் போட்ட பலகையில் இரண்டு வகைக் காய்களை வைத்தார். அண்டையில் ஓரளவாவது என் வகைக் காய் இருக்க வேண்டும், இல்லையென்றால் இடம் மாறுவேன் என்பது மட்டுமே விதி. மற்ற வகையின் மேல் எந்தக் காய்க்கும் வெறுப்புக் கிடையாது. ஆனாலும் நகர்ந்து நகர்ந்து கடைசியில் இரண்டும் தனித்தனிக் கூட்டங்களாகிவிட்டன.

தெரிந்தே திட்டமிட்டுக் குடியேறுகிறவர்களும் இருக்கிறார்கள். 1960களின் இறுதியில் நகர வாழ்க்கை வெறுத்து வெர்மான்ட் மலைகளுக்குப் போன இளைஞர்கள் ஏராளம். புரூக்ளினில் பிறந்த பெர்னி சாண்டர்ஸும் 1968இல் அங்கே போனவர்தான். 1856 முதல் 1988 வரை, 1964 ஒன்றைத் தவிர, எல்லா அதிபர் தேர்தலிலும் குடியரசுக் கட்சிக்கே ஓட்டளித்த மாநிலம் அது. 1992 முதல் ஒருமுறைகூட அந்தக் கட்சிக்கு அளிக்கவில்லை. இந்த மாற்றத்தில் குடியேறியவர்களுக்குப் பெரிய பங்குண்டு.

பக்கத்து மாநிலமான நியூ ஹாம்ப்ஷயரில் நடப்பது இதற்கு எதிர்த்திசை. யேல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவராக இருந்த ஜேசன் சோரன்ஸ் 2001இல் ஒரு யோசனை சொன்னார். அரசாங்கம் எவ்வளவுக்கெவ்வளவு சுருங்குகிறதோ அவ்வளவு நல்லது என்று நினைப்பவர்கள் 20,000 பேர் ஒரே சிறிய மாநிலத்துக்குப் போனால் அதை மாற்றிவிடலாம் என்றார். சம்பளத்துக்கு வருமான வரியும் பொருளுக்கு விற்பனை வரியும் இல்லாத நியூ ஹாம்ப்ஷயரை 2003இல் ஓட்டெடுத்துத் தேர்ந்தார்கள். 2016இல் 20,000 கையெழுத்தும் சேர்ந்தது. கையெழுத்திட்டவர்களில் ஒரு பகுதியினரே மூட்டை கட்டினார்கள். ஆனால் 400 உறுப்பினர் கொண்ட அந்த மாநிலச் சட்டமன்றக் கீழவையில் ஒரு தொகுதிக்குச் சில ஆயிரம் மக்களே. கொஞ்சப் பேர் வந்தாலே போதும், எடை தெரியும்.

அந்த மாநிலத்தின் குராய்டன் என்ற சிற்றூரில் 2022இல் நடந்ததை நம் வாசகர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே ஊர்ச் செலவையும் பள்ளிச் செலவையும் மக்களே கூடி முடிவு செய்கிறார்கள். மார்ச் மாதம், பனி பெய்த ஒரு நாளில் கூட்டம். வந்தவர்கள் மிகக் குறைவு. சோரன்ஸ் தொடங்கிவைத்த இயக்கத்தின் வழியே குடியேறிய ஒருவர் எழுந்து, பள்ளி பட்ஜெட்டை 17 லட்சம் டாலரிலிருந்து 8 லட்சமாக வெட்டலாம் என்றார். 20க்கு 14 என்ற கணக்கில் தீர்மானம் நிறைவேறிவிட்டது.

ஊர் திடுக்கிட்டது. மறுகூட்டத்தின் முடிவு செல்லுபடியாக வேண்டுமானால் வாக்காளர்களில் பாதிப் பேராவது வந்தாக வேண்டும். குடியரசுக் கட்சிக்காரரும் ஜனநாயகக் கட்சிக்காரரும் எந்தக் கட்சியும் வேண்டாம் என்பவரும் சேர்ந்து வீடு வீடாகப் போனார்கள். மே மாதம் கூடியபோது வெட்டிய பணத்தைத் திருப்பித் தர 377 பேர் ஓட்டளித்தார்கள். எதிர்த்தவர்கள் 2 பேர். அதிபர் தேர்தலில் ஒருவரையொருவர் எதிர்த்து ஓட்டளித்தவர்கள்தாம் இதில் ஒன்றுசேர்ந்தார்கள். அவர்கள் எல்லோர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் வேண்டியது பள்ளிக்கூடம்.

இடாஹோவின் வடக்கு முனையில் வேறு கதை. நாவலாசிரியர் ஜேம்ஸ் வெஸ்லி ராவ்லஸ் 2011இல், பழமைப்பற்றுள்ள கிறிஸ்தவர்கள் இடாஹோ, மான்டானா, வயோமிங் பக்கம் குடியேறும்படி அழைப்பு விடுத்தார். பலர் போனார்கள். கருக்கலைப்பு உரிமையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2022இல் நீக்கியதும், பழமைவாதிகளின் கை ஓங்கிய இடாஹோவில் மிகக் கடுமையான தடைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சிகிச்சை செய்தாலே சிறைக்குப் போக நேருமோ என்று அஞ்சிய மகப்பேறு மருத்துவர்கள் பலர் மாநிலத்தை விட்டு வெளியேறினார்கள். சாண்ட்பாயின்ட் என்ற சிறுநகரின் மருத்துவமனை 2023இல் பிரசவப் பிரிவையே மூடிவிட்டது. மருத்துவர்கள் போய்விட்டதும் இந்தச் சட்டச் சூழலும் அது சொன்ன காரணங்களில் அடக்கம். வலி எடுத்த பெண் இப்போது எழுபது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். அவள் எந்தக் கட்சி என்று அந்தத் தூரம் கேட்பதில்லை.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். உயிருக்கும் மானத்துக்கும் அஞ்சி ஊர் மாறுகிறவரை, ‘அங்கேயே இருந்து பேசிப் பார்’ என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. 1910க்கும் 1970க்கும் இடையே அமெரிக்கத் தென்மாநிலங்களிலிருந்து ஏறத்தாழ 60 லட்சம் கறுப்பின மக்கள் வடக்கேயும் மேற்கேயும் போனது கருத்து வேறுபாட்டால் அல்ல, கொடுமையால். நம் நாட்டிலும் கிராமத்தைப் போற்றிப் பாடியவர்களுக்கு 1948இல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கடுமையாகப் பதில் சொன்னார். சேரியிலிருந்து நகரத்துக்குப் போனவருக்கு அந்தப் பயணமே விடுதலை. துன்பத்திலிருந்து விலகுவது வேறு, மாற்றுக் கருத்திலிருந்து விலகுவது வேறு. பின்னதைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

கவலைக்கு ஆதாரமும் உண்டு. 2005இல் கொலராடோவில் ஓர் ஆய்வு நடந்தது. தாராளவாதிகள் நிறைந்த போல்டர், பழமைவாதிகள் நிறைந்த கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஆகிய இரண்டு ஊர்க்காரர்களையும் அவரவர் ஊராரோடு மட்டும் உட்காரவைத்து, பருவநிலை ஒப்பந்தம் உட்பட மூன்று விஷயங்களைப் பேசச் சொன்னார்கள். பேசி முடித்தபோது இரு தரப்பாரும் வந்தபோது இருந்ததைவிடத் தீவிரமாகியிருந்தார்கள். குழுவுக்குள் இருந்த சின்னச் சின்ன மாறுபாடுகளும் மங்கிவிட்டன. தலையாட்டுகிறவர்கள் மட்டுமே சுற்றி இருந்தால் நம் கருத்து உரம் பெறுவதில்லை, வெறும் உரத்த குரலாகிவிடுகிறது.

‘இது அமெரிக்கா கதை’ என்று தள்ளிவிட நமக்குத் தகுதியில்லை. அங்கே கட்சியைக் கேட்கிறார்கள். இங்கே ‘நீங்க என்ன ஆளுங்க?’ என்று கேட்கிறோம், ‘சைவம் மட்டும்’ என்று வாடகைப் பலகையில் எழுதுகிறோம். இதற்கு எதிராக நம் அரசே ஒரு முயற்சி செய்தது. 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதல் பெரியார் நினைவு சமத்துவபுரம் திறக்கப்பட்டது. 100 வீடுகளில் 40 ஆதிதிராவிடர்களுக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு. அண்டை வீட்டாராக்கினால் மட்டும் சாதி போய்விடாதுதான். ஆனால் ஒதுங்கி வாழ்வதை இயல்பென்று ஏற்க மாட்டோம் என்று ஓர் அரசு வீடு கட்டியே சொன்னது சிறிய காரியம் அல்ல.

விரும்பிய ஊரில் குடியிருப்பது ஒவ்வொருவரின் உரிமை. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் பள்ளி, சாலை, குடிநீர், பிரசவ வார்டு எதுவும் ஒரே கருத்துக்காரர்களை மட்டும் வைத்துக்கொண்டு நடப்பதில்லை. குராய்டன்காரர்கள் அதை ஒரு பனிநாளில் வீட்டிலேயே இருந்துவிட்டு, பிறகு கற்றார்கள்.

நமக்கும் அப்படி ஒரு கூட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். கடைசிவரை உட்காருங்கள். உங்களுக்குப் பிடிக்காத கட்சிக்காரர் பேசும்போதும் கேளுங்கள், உங்கள் முறை வரும்போது தயங்காமல் பேசுங்கள். அங்கே என்ன நடந்தது என்று எங்களுக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்