பத்தொன்பது சென்ரிமீற்றர் இறக்க ஆளில்லை



எங்கள் ஊர் மைதானத்தில் கரப்பந்து வலை ஒன்று வருடம் முழுக்கக் கட்டியபடியே கிடக்கிறது. உயரம் 2.43 மீற்றர். அது ஆண்களுக்கான அளவு; பெண்களுக்கு 2.24. பாடசாலை அணியில் ஆடும் என் மகளும் அவளது கூட்டாளிமாரும் வலய மட்டப் போட்டிக்கு முன்னர் மூன்று கிழமை அந்த வலையில்தான் பழகினார்கள். கொஞ்சம் இறக்கித் தாருங்கள் என்று கேட்டதற்கு, "பின்னேரம் பொடியன்மார் வருவானுகள், திரும்ப ஏத்துறது ஆரு?" என்று பதில் வந்தது. அடித்த பந்தெல்லாம் நாடாவில் பட்டு இந்தப் பக்கமே விழுந்தது. பிள்ளைகள் பந்தை மேலே தூக்கித் தூக்கி அடிக்கப் பழகிக்கொண்டார்கள். போட்டி நாளில் சரியான உயரத்தில் வலையைக் கண்டதும் கை ஏமாந்துவிட்டது. பந்து கோட்டுக்கு வெளியே வெளியே போனது. முதல் சுற்றோடு வீடு.

கரப்பந்து எங்கள் நாட்டின் தேசிய விளையாட்டு. 1991 இல் அப்படி அறிவித்தார்கள். நேபாளம் அதைத் தன் தேசிய விளையாட்டாக்கியது 2017 இல்தான், எங்களுக்கு 26 வருடங்கள் பிந்தி. 2016 தெற்காசிய விளையாட்டு விழாவின் பெண்கள் இறுதியாட்டத்தில் இந்தியாவோடு மோதியது இலங்கை. 2019 இல் அந்த இடத்தில் நேபாளம் நின்றது. இலங்கை, இந்தியா, மாலைதீவு, ஈரான், கஸகஸ்தான் எல்லாம் அடங்கிய மத்திய ஆசிய வலயத்தின் பெண்கள் போட்டியும் 2023, 2024 இரண்டு வருடமும் காத்மாண்டுவில் நடந்தது. அங்கே பெண்களின் ஆட்டத்துக்கு அரங்கு நிரம்பி வழிகிறது. நாங்கள் தேசிய விளையாட்டு என்ற பெயரைப் பாடப் புத்தகத்தில் வைத்துப் பிள்ளைகளுக்குப் பாடமாக்கிக் கொடுக்கிறோம்.

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை இந்தக் கரையோரத்தில் மைதானத்துக்குக் காசு வந்தால் அது பார்வையாளர் மண்டபமாகவும் இரவு ஆட்டத்துக்கான மின்விளக்காகவும் மாறுவதைத்தான் என் வயதுக்கு நான் கண்டிருக்கிறேன். இரண்டும் யாருக்கு? மஃரிபுக்குப் பிறகு விளக்கு வெளிச்சத்தில் எந்த உம்மா மகளை மைதானத்துக்கு அனுப்புவாள்? பகலில் ஆடலாம் என்றால் வைகாசியிலிருந்து கச்சான் காற்று; உயரத் தூக்கிய பந்து செட்டரின் கைக்கு வராமல் மதிலுக்குப் போகும். கார்த்திகை பிறந்தால் வாடை மழை, தரை சேறு. மிச்சமிருக்கும் மாதங்களில் பரீட்சை. இதற்குள் மதிலில் ஏறியிருந்து கூச்சல் போடுகிறவர்களின் தொல்லை வேறு.

அதிகாரிகளிடம் கேட்டால், "உங்கட ஊர்ப் பொம்புளப் புள்ளைகள் வர மாட்டாங்களே" என்கிறார்கள். ஊருக்குள் கேட்டால், நாலு பேர் பார்க்க ஆடுவதா என்கிறார்கள். இரண்டு வாயையும் ஒரே நேரத்தில் அடைக்கக்கூடியது சுவரும் கூரையும் உள்ள ஓர் உள்ளக அரங்கு. இதை இரு தரப்பும் ஏன் பேசுவதில்லை என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. பேசாமலிருப்பது இரண்டு தரப்புக்கும் வசதி என்று நினைக்கத் தோன்றுகிறது.

உடுப்பைக் காரணம் சொல்வதும் இனிச் செல்லாது. ஈரான் பெண்கள் தலையும் கையும் காலும் மூடித்தான் சர்வதேச ஆட்டங்களில் இறங்குகிறார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் எகிப்தின் துஆ அல்கோபாஷி ஹிஜாபோடு கடற்கரைக் கரப்பந்தே ஆடினார். எங்கள் வலயப் போட்டியிலோ ஒருவர் என் மகளின் லொங்ஸைப் பார்த்து, "இதோட எப்படிப் பாயப்போறா?" என்று சிரித்தார். அவள் பாய்ந்தாள். பந்து வெளியே போனதற்குக் காரணம் லொங்ஸ் அல்ல, மேலே சொல்லிவிட்டேன்.

பெரிய விளையாட்டரங்கு கேட்கவில்லை. ஆடுகளம் 18 மீற்றர் நீளம், 9 மீற்றர் அகலம். சுற்றிவர மூன்று மீற்றர் விட்டால் 24க்கு 15. கூரை ஏழு மீற்றர் உயரத்தில் இருந்தால் போதும். இந்த வீதியோரம் எத்தனை கல்யாண மண்டபங்கள் எழும்பியிருக்கின்றன! அவற்றில் ஒன்றின் அளவுகூட வராது. கிழமையில் மூன்று நாள், அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில், பெண்களுக்கு மட்டும் என்று எழுதி ஒட்டட்டும். பயிற்றுநரும் பெண்ணாக இருக்கட்டும். விளையாட்டுக் கற்கையோடு வெளிவந்து வேலையில்லாமல் வீட்டிலிருக்கும் பிள்ளைகள் எங்கள் ஊர்களிலேயே உண்டு. அதன்பிறகும் பிள்ளைகள் வரவில்லையென்றால் நான் இதே பத்திரிகையில் மன்னிப்புக் கடிதம் எழுதுகிறேன்.

என் மகளுக்கு வருகிற வருடம் சாதாரண தரப் பரீட்சை. அதன்பின் அவள் விளையாடுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் ஏழாம் ஆண்டுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் பந்தோடு நிற்கிறார்கள்.

அரங்கு கட்டும் வரைக்கும் ஒன்று செய்யலாம். மைதானத்து வலையின் இரண்டு கம்பங்களிலும் 2.24 மீற்றர் உயரத்தில் இன்னொரு கொக்கி வைத்துத் தாருங்கள். வெல்டிங் கடையில் அரை மணித்தியால வேலை. காசை நான் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
சாய்ந்தமருது.