கல்யாண மண்டபத்துக்குப் போகலாம், கண்மாய்க் கரைக்குப் போகக் கூடாதா?

இது கொஞ்சம் நீளமான பதிவு. கோபமும் இருக்கிறது. டீச்சரிடம் திட்டு வாங்கி ரொம்ப நாளாகிவிட்டதே என்று நினைத்துக்கொண்டு கடைசி வரை படித்துவிடுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பேரனையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போனேன். நாகமலைப் புதுக்கோட்டையில் இருக்கிற எங்களுக்கு அது பக்கம்தான். ஆலமரத்தடியில் உட்கார்ந்து பிள்ளைகள் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டதைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஐந்து நிமிடம் ஆகவில்லை. “இந்த நேரத்துல பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு ஊர் சுத்தணுமா அத்தை? மூணாவது அலை பிள்ளைகளைத்தான் தாக்குமாம்” என்று பதில் வந்தது. அதற்குக் கீழே ஏழெட்டுப் பேர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள்.

கேட்டது என் தம்பி மகள். கோபித்துக்கொள்ளாதேம்மா, உன் ஒருத்திக்காக இதை எழுதவில்லை. ஆனால் ஆவணிக் கடைசி முகூர்த்தத்தில் நம் சொந்தத்தில் நடந்த கல்யாணத்துக்கு நீயும் வந்திருந்தாய், நானும் வந்திருந்தேன். ஏசி மண்டபம். அப்போது 50 பேருக்குத்தான் அனுமதி இருந்தது. எத்தனை பேர் வந்தார்கள் என்று நான் எண்ணவில்லை, ஆனால் நான்கு பந்தி நடந்ததைப் பார்த்தேன். முகக்கவசம் எல்லோரிடமும் இருந்தது, தாடையில். வாசலில் பன்னீர் தெளிக்கிற இடத்தில் சானிடைசர் தெளித்தார்கள். அதோடு கொரோனா ஓடிவிட்டது என்று நினைத்து எல்லோரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். மூச்சு முட்டி, தாலி கட்டியதும் நான் வெளியே வந்துவிட்டேன். “சாப்பிடாமப் போறாங்க, மரியாதை தெரியாதா” என்று பேசியது என் காதிலும் விழுந்தது.

அந்தக் கல்யாணப் படங்களும் இதே குழுவில்தான் வந்தன. ஒரு இருநூறு படம் இருக்கும். அவற்றுக்குக் கீழே ஒருவர்கூட “இந்த நேரத்துல” என்று எழுதவில்லை. எல்லோரும் இதயம் போட்டிருந்தார்கள்.

என் கோபம் இதுதான். ஒன்றரை வருடமாக நாம் எதற்குப் பயப்பட வேண்டுமோ அதற்குப் பயப்படவில்லை. பயப்பட வேண்டாததற்கு எல்லாம் பயந்தோம். அதற்கான அபராதத்தைப் பிள்ளைகள் கட்டுகிறார்கள்.

வகுப்பில் சொல்வது போலவே சொல்கிறேன். பூஜையறைக் கதவைச் சாத்திவிட்டுச் சாம்பிராணி போடுங்கள். பத்து நிமிடம் கழித்தும் உள்ளே போனால் கண் எரியும். அதே சாம்பிராணியை மொட்டை மாடியில் போடுங்கள். பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் லேசாக வாசம் வரும், மற்றது காற்றில் கரைந்துவிடும். நோயுள்ளவர் மூச்சு விடும்போதும் பேசும்போதும் வருகிற நுண்துளிகளும் அப்படித்தான். மூடிய அறையில் மிதந்துகொண்டே இருக்கும். சுவரில் மாட்டியிருக்கிற ஸ்பிலிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருக்கிற காற்றையே இழுத்துக் குளிரவைத்துத் திரும்பவும் நம் முகத்தில் விடுகிறது.

இது என் சொந்த ஆராய்ச்சி இல்லை. 2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழு, 61 பேர், இரண்டரை மணி நேரம் உள்ளரங்கில் பாடிப் பழகினார்கள். அவர்களில் ஒருவருக்கு மட்டும் நோய் அறிகுறி இருந்தது. அவரையும் சேர்த்து 53 பேர் நோயில் விழுந்தார்கள், 2 பேர் இறந்தார்கள். ஜப்பானில் அந்த மாதமே மக்களுக்கு மூன்று விஷயங்களைச் சொல்லிவிட்டார்கள்: காற்று வராத இடம், கூட்டம், முகத்துக்கு முகம் நெருங்கிப் பேசுவது. இந்த மூன்றையும் தவிர்க்கச் சொன்னார்கள். நமக்கு அது எளிமையாகச் சொல்லப்படவில்லை. “வெளியே வராதே” என்று மட்டும் சொன்னார்கள். நாமும் வெளியே என்றால் ஆபத்து, உள்ளே என்றால் பாதுகாப்பு என்று படித்துக்கொண்டோம். உள்ளே என்பதில் மண்டபமும் வந்துவிட்டது, ஜவுளிக்கடையின் மூன்றாவது மாடியும் வந்துவிட்டது.

மூன்றாவது அலை பிள்ளைகளைத்தான் தாக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2021 மே மாதமே சொல்லிவிட்டது. அந்தச் செய்தியை நம் குழுவில் ஒருவரும் பகிரவில்லை. பயமுறுத்துகிற செய்திதான் ஒரு நாளைக்குப் பத்து முறை வருகிறது.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் “வீட்டை விட்டு வராதீங்க” என்று இதே பக்கத்தில் வாரம் ஒரு பதிவு போட்டவள் நான்தான். காய்கறியை மஞ்சள் தண்ணீரில் ஊறப்போட்டேன். பால் பாக்கெட்டை சோப்புப் போட்டுக் கழுவினேன். பேரனுக்கு அப்போது ஐந்து வயது. தெருவில் ஆள் வந்தால் உள்ளே ஓடி வந்துவிட வேண்டும் என்று பழக்கினேன். நல்ல டீச்சர் அல்லவா, நன்றாகவே பழக்கிவிட்டேன். இப்போது அவன் ஒன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தின் உள்பக்கத்தை இன்னும் பார்த்ததில்லை. முதல் தடவை சமணர் மலைக்குப் போன அன்று, ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் தூரத்தில் வந்தார். இவன் விளையாட்டை விட்டுவிட்டு ஓடிவந்து என் சேலைக்குள் புகுந்துகொண்டான். “அந்தத் தாத்தா போயிட்டாரா?” என்று கேட்டுக்கேட்டுத்தான் வெளியே வந்தான். 34 வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள் சொந்தப் பேரனுக்குச் சொல்லிக்கொடுத்தது இதைத்தான்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் பெரியண்ணன் ஒன்றரை வருடம் கோயிலுக்குப் போகவில்லை, டீக்கடைக்குப் போகவில்லை. காலை நடையைக்கூட நிறுத்திவிட்டார். ஏப்ரலில் ஒரு நிச்சயதார்த்தம். “ஒரு மணி நேரம்தானே, நம்ம ஆளுங்கதானே” என்று போனார். அதுவும் ஏசி அறைதான். மே மாதம் அவர் நம்மிடம் இல்லை. எங்கிருந்து தொற்றியது என்று யாராலும் நிரூபிக்க முடியாது, யாரையும் குற்றம் சொல்லவும் இதை எழுதவில்லை. ஆனால் அவர் நிறுத்திய காலை நடை அவரைக் காப்பாற்றவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அரசாங்கத்தையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். 2021 ஜூன் 14 முதல் நம் மாவட்டம் உட்பட 27 மாவட்டங்களுக்குத் தளர்வு கொடுத்தார்கள். டாஸ்மாக் கடை காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரை. பூங்கா காலை 6 மணி முதல் 9 மணி வரை, அதுவும் நடைப்பயிற்சிக்கு மட்டும். ஏழு மணி நேரம் குடிக்கிறவருக்கு, மூன்று மணி நேரம் நடக்கிறவருக்கு. விளையாடுகிற பிள்ளைக்கு எத்தனை நிமிடம்? அந்தக் கணக்கே போடப்படவில்லை. பிள்ளைக்கு ஓட்டு இல்லை, வருமானமும் இல்லை.

“வீட்டிலேயே இருங்கள்” என்பது வீடு உள்ளவர்களுக்குச் சொன்ன வாசகம் என்பதும் எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. என்னிடம் படித்த ஒருவன் ஆட்டோ ஓட்டுகிறான். ஒரே அறையில் ஐந்து பேர். “உள்ள இருந்தாத்தான் டீச்சர் ஒருத்தர் மூச்ச ஒருத்தர் விடுறோம், வாசல்ல உக்காந்தா போலீஸ் வெரட்டுது” என்றான். அவனுக்கு என்னிடம் பதில் இல்லை.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

“எல்லாரும் கிளம்பினா அங்கேயும் கூட்டம் சேருமே டீச்சர்?” சேரும். எல்லோரும் ஒரே இடத்துக்குப் போனால் சேரும். அதனால்தான் கொடைக்கானல் வேண்டாம் என்கிறேன். குற்றாலத்தில் குளிக்கவே 2021 செப்டம்பரில் தடை இருந்தது. வேன் பிடித்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பதினைந்து பேர் மலைக்குப் போவது, மண்டபத்துக்குச் சக்கரம் மாட்டிய மாதிரிதான். நான் சொல்வது நடந்தோ சைக்கிளிலோ வண்டியிலோ அரை மணி நேரத்தில் போகிற இடம். ஒரு வீட்டு ஆட்கள் மட்டும். போன இடத்தில் ஆள் நிறைய இருந்தால் நிற்காமல் அடுத்த இடத்துக்குப் போய்விட வேண்டும்.

“பாம்பு இருக்கும், தண்ணி இருக்கும்.” உண்மை. பாம்புக்குப் பயந்து வெளிச்சத்தில் போங்கள், புதருக்குள் விடாதீர்கள், செருப்புப் போட்டு அழைத்துப் போங்கள். தண்ணீர் விஷயத்தில் நான் இரக்கமே காட்ட மாட்டேன். கண்மாய் என்றால் கரை மட்டும்தான். பெரியவர் இல்லாமல் ஒரு பிள்ளையும் கரைக்குப் போகக் கூடாது. மண் அள்ளிய பள்ளம் எங்கே இருக்கிறது என்று மேலேயிருந்து பார்த்தால் தெரியாது.

“வெளியே போனால் தொற்றவே தொற்றாதா?” அப்படி நான் சொல்லவில்லை. நெருங்கி நின்று வெகுநேரம் பேசினால் எங்கேயும் தொற்றும். ஆள் பக்கத்தில் வந்தால் முகக்கவசத்தை ஏற்றுங்கள். காய்ச்சல், சளி இருந்தால் வீட்டிலேயே இருங்கள். பெரியவர்கள் இரண்டு தடுப்பூசியையும் போட்டுக்கொள்ளுங்கள். சிறு பிள்ளைகளுக்கு 2021 செப்டம்பரில் ஊசி போடத் தொடங்கியிருக்கவில்லை. நாம் போட்டுக்கொள்வதுதான் அப்போது அவர்களுக்கும் காவலாக இருந்தது.

“அங்கே போய் என்ன செய்வது, பிள்ளைகளுக்குப் போரடிக்குமே?” இந்தக் கேள்விதான் எனக்கு ரொம்ப வருத்தம். கேட்டவர்களில் பாதிப் பேர் என்னோடு பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வாய்ப்பாடு படித்தவர்கள்.

சமணர் மலையில் ஆயிரம் வருடத்துக்கு முந்தைய சிற்பங்கள் இருக்கின்றன, பக்கத்திலேயே வட்டெழுத்துக் கல்வெட்டு இருக்கிறது. என் பேத்தி ஒரு நோட்டில் நான்கு எழுத்தைப் பார்த்து வரைந்தாள். இதில் எது ‘க’, எது ‘ம’ என்று வீட்டுக்கு வந்தும் விடவில்லை. பாறையில் கீறக் கூடாது, சுண்ணாம்பு பூசக் கூடாது என்பதையும் அங்கேயே சொல்லிக்கொடுத்தாயிற்று. கீழே தாமரைக் குளம். இலைமேல் தண்ணீர் ஏன் ஒட்டவில்லை என்று பேரன் அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். செல்போனை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

ஒத்தக்கடைப் பக்கம் இருப்பவர்களுக்கு யானைமலை இருக்கிறது. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் யானை, எந்தப் பக்கத்தில் வெறும் பாறை என்று பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஊருக்கு ஒரு கண்மாய் இருக்கிறது. கரையில் உட்கார்ந்து கொக்கு எத்தனை, நாரை எத்தனை, நீர்க்காகம் எத்தனை என்று எண்ணுங்கள். அடுத்த வாரம் போய்த் திரும்ப எண்ணுங்கள். கணக்குப் பாடமும் ஆயிற்று.

எங்குமே போக முடியாதவர்களுக்கு மொட்டை மாடி இருக்கிறது. 2021 செப்டம்பரில் இருட்டியதும் மேற்கே பளிச்சென்று தெரிந்தது வெள்ளி. தென்கிழக்கே பெரிதாகத் தெரிந்தது வியாழன், அதற்குக் கொஞ்சம் மேலே மங்கலாகச் சனி. மூன்று கோளையும் ஒரே இரவில் சும்மா கண்ணாலேயே பார்க்க முடிந்தது, டிக்கெட் கிடையாது. மாடியும் இல்லை என்றால் வாசலில் பாண்டிக் கட்டம் போடுங்கள், புளியங்கொட்டையைத் தேய்த்துத் தாயம் உருட்டுங்கள். அம்மா அப்பா கூட உட்கார வேண்டும், அது மட்டும்தான் நிபந்தனை.

கடைசியாக ஒன்று. புரட்டாசி பிறந்துவிட்டது. அடுத்து தீபாவளி ஜவுளிக் கூட்டம், ஐப்பசி முகூர்த்தம். இப்போதே மூன்று பத்திரிகை வந்திருக்கிறது. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: கதவு சாத்திய மண்டபத்துக்கு நான் வர மாட்டேன். என் பேரப்பிள்ளைகளும் வர மாட்டார்கள். மொய் வீட்டுக்கு வந்து சேரும். உங்கள் தாத்தா காலத்தில் செய்த மாதிரி வாசலில் பந்தல் போட்டு, வாழை மரம் கட்டி, நான்கு பக்கமும் காற்று வர நாற்காலி போடுங்கள். முதல் ஆளாக வந்து முதல் பந்தியில் சாப்பிடுகிறேன். மரியாதை தெரியாதவள் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். பெரியண்ணனுக்கு மரியாதை தெரிந்திருந்தது.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்கு, என் தம்பி மகளே, உன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாமரைக் குளத்துக்கு வா. நீ குளத்தின் அந்தப் பக்கம் உட்கார், நாங்கள் இந்தப் பக்கம் உட்காருகிறோம். இட்லி நான் கொண்டுவருகிறேன், சட்னி உன் பொறுப்பு. அங்கே வைத்துச் சண்டை போடலாம், காற்று நன்றாக வரும்.

மற்றவர்கள் அவரவர் ஊரில் அவரவர் கண்மாய்க்குப் போங்கள். எத்தனை கொக்கு என்று கீழே எழுதுங்கள். வீட்டுப்பாடம் செய்யாதவர்கள் யார் என்று நான் பார்ப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்