காற்றாடி நல்லதுதான்; ஊரைக் கேட்டு வைத்தார்களா?



சர்க்கரை வியாதி, இரத்தக் கொதிப்பு, மருந்து அடிக்கும்போது முகமூடி போடுவது, இப்படித்தான் இந்தச் சுகாதாரப் பகுதியில் வழக்கமாகப் பேசுவோம். இந்தத் தடவை மின்சாரம் எடுக்கிற ராட்சதக் காற்றாடியைப் பற்றிப் பேசப்போகிறேன். "இதுக்கும் நம்ம உடம்புக்கும் என்ன சம்பந்தம்?" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். சம்பந்தம் இருக்கிறது.

கிளைக் கூட்டம் ஒன்று முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஓர் அம்மா கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். இலங்கையில், மன்னாரில், காற்றாடிச் சாமான் ஏற்றி வந்த லாரிகளை ஊர் மக்கள் வழிமறித்து நிற்கிறார்கள். "ஐயா, இது காத்தாடிதானே? புகை இல்ல, நாத்தம் இல்ல. இதைப் போயி ஏன் இந்தச் சனங்க எதிர்க்குது?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற ஒரு தம்பி சட்டென்று, "அக்கா, அது பக்கத்துல இருந்தா கேன்சர் வருமாம், கரு கலையுமாம். அதான்!" என்றார்.

அந்த அம்மா சொன்னதில் பாதி சரி. அந்தத் தம்பி சொன்னது சரியில்லை. ஆனால் இருவருமே கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்குத்தான் வருகிறேன்.

முதலில் மன்னாரைப் பார்ப்போம். மன்னார் ஒரு சின்னத் தீவு. நிலம் தட்டையானது, கடல் மட்டத்திலிருந்து அதிக உயரமில்லை. மீன்பிடிப்புத்தான் பெரும்பாலான குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. அங்கே நல்ல காற்று வீசுகிறது என்பதால் 2020-ல் இலங்கை மின்சார சபை 30 காற்றாடிகளை நட்டது. மொத்தம் 103.5 மெகாவாட். அதன்பின் இன்னொரு பெரிய திட்டம் வந்தது. இந்தியாவின் அதானி நிறுவனம் அங்கே மேலும் 52 காற்றாடி வைப்பதாக இருந்தது. நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. கடைசியில் 2025 பிப்ரவரியில் அந்த நிறுவனமே விலகிக்கொண்டது. ஆனாலும் வேறு காற்றாடித் திட்டங்கள் நிற்கவில்லை. 2025 ஆகஸ்டில் மக்கள் ரோட்டுக்கு வந்தார்கள். அதிபர் ஒரு மாதம் வேலையை நிறுத்திவைக்கச் சொன்னார். செப்டம்பரில் மறுபடியும் வேலை தொடங்கியபோது போலீசாருக்கும் மக்களுக்கும் கைகலப்பு நடந்தது.

அந்த மக்கள் என்ன சொல்கிறார்கள்? காற்றாடிக்குப் போட்ட ரோடும் மேடையும் மழைத் தண்ணீர் கடலுக்கு ஓடும் வழியை அடைத்துவிட்டதாகச் சொல்கிறார்கள். முன்பு வடிந்துபோன தண்ணீர் இப்போது வீட்டுக்குள் நிற்கிறதாம். கரையோரத்தில் மீன் வரத்துக் குறைந்துவிட்டதாம். தூர தேசத்திலிருந்து வந்து தங்கும் பறவைகளுக்கும் ஆபத்து என்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, "எங்களைக் கேட்காமல் வைத்தார்கள்" என்கிறார்கள். அரசாங்கத் தரப்பு இதில் பலவற்றை மறுக்கிறது. எது எவ்வளவு உண்மை என்பதை ஆராய்ந்து பார்க்கவேண்டியதுதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தண்ணீர் தேங்கினால் கொசு, வயிற்றுப்போக்கு, புண். மீன் குறைந்தால் பிள்ளைக்குச் சத்துக் குறைவு. இதெல்லாம் சுகாதாரப் பிரச்சினை இல்லையா? அவர்கள் காற்றுக்கு எதிரிகள் அல்ல. லயத்தில் சாக்கடை அடைத்துக்கொண்டால் நாம் எதற்குக் கிராணியிடம் போய் நிற்கிறோமோ, அதே காரணம்தான் அவர்களுக்கும்.

இப்போது சத்தத்துக்கு வருவோம். காற்றாடியின் இறக்கை சுற்றும்போது 'உஷ்... உஷ்...' என்று ஏறி இறங்கும் சத்தம் வரும். ஒரே சீரான சத்தம் என்றால் காது பழகிவிடும். ஏறி இறங்கும் சத்தத்துக்குப் பழகுவது கஷ்டம். அதிலும் இராத்திரியில் தரையில் காற்று அடங்கியிருக்கும், மேலே நூறு மீட்டர் உயரத்தில் பலமாக வீசும். ஊர் அமைதியாக இருக்கிற நேரத்தில்தான் அந்தச் சத்தம் நன்றாகக் கேட்கும். சூரியன் தாழ்வாக இருக்கும்போது இறக்கையின் நிழல் ஜன்னல் வழியாக விட்டுவிட்டு வந்து போகும். கண்ணுக்கு அது பெரிய தொந்தரவு.

இதனால் நோய் வருமா? கனடா நாட்டுச் சுகாதார இலாகா பெரிய ஆராய்ச்சி ஒன்று செய்து 2014-ல் முடிவை வெளியிட்டது. காற்றாடிக்குப் பக்கத்திலும் தூரத்திலும் குடியிருந்த 1,238 பேரை விசாரித்தார்கள். தலைசுற்றல், ஒற்றைத் தலைவலி, காதிரைச்சல், இரத்தக் கொதிப்பு, தூக்கக் கோளாறு, இவை எதுவும் காற்றாடிச் சத்தம் கூடக்கூடக் கூடியதாகத் தெரியவில்லை. ஆனால் எரிச்சல் கூடியது. சத்தம் அதிகமான இடத்தில் கடுமையான மனத் தொந்தரவு என்று சொன்னவர்கள் அதிகம். 2018-ல் உலக சுகாதார நிறுவனமும் காற்றாடிச் சத்தம் பகல், மாலை, இரவு சேர்த்துச் சராசரியாக 45 டெசிபலுக்குக் கீழே இருப்பது நல்லது என்று சொன்னது. அதையும் நிபந்தனையோடுதான் சொன்னது. இரவுக்கென்று தனி அளவு சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்றும் ஒப்புக்கொண்டது.

ஆகவே அந்தத் தம்பிக்குச் சொல்கிறேன்: கேன்சர், கருச்சிதைவு என்ற பேச்சுக்கு ஆதாரம் கிடையாது. அப்படிப் பயமுறுத்துவதே உடம்பைக் கெடுக்கும். நியூசிலாந்தில் 2013 வாக்கில் ஒரு சோதனை செய்தார்கள். காதுக்குக் கேட்காத காற்றாடி ஒலி கெடுதல் என்று சிலருக்கு முன்கூட்டியே படம் போட்டுக் காட்டினார்கள். பிறகு ஒலி எதையுமே விடாமல், விடுவதாகச் சொல்லி உட்காரவைத்தார்கள். அவர்களுக்கும் தலைவலி, குமட்டல் வந்தது! பயமே நோயாகிவிடுகிறது. பொய்யான பயத்தைக் கிளப்புகிறவர் மக்களுக்கு உதவி செய்யவில்லை. நாளைக்கு அந்தப் பொய் வெளிப்பட்டதும், உண்மையான தொந்தரவையும் சேர்த்துக் குப்பையில் போட்டுவிடுவார்கள்.

ஆனால் "எரிச்சல்தானே, நோயில்லையே" என்று தள்ளிவிடுகிற கனவான்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். காலை நாலரைக்கு எழுந்து பெரட்டுக்குப் போகிறவனுக்குத் தூக்கத்தின் அருமை தெரியும். இராத்திரி பூராவும் மனம் எரிந்துகொண்டு படுத்திருப்பது சுகமான வாழ்க்கையா? உடம்பும் மனமும் சேர்ந்ததுதானே ஆரோக்கியம்?

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பால்மௌத் என்று ஒரு கடற்கரை ஊர். அங்கே நடந்ததைக் கேளுங்கள். 2010-ல் அந்த ஊராட்சியே, கழிவுநீர் சுத்திகரிக்கும் நிலத்தில், ஏறக்குறைய 400 அடி உயரக் காற்றாடி ஒன்றை ஓட்டத் தொடங்கியது. 1.65 மெகாவாட். பிறகு இரண்டாவதும் வந்தது. வெளியூர் முதலாளி யாரும் இல்லை, ஊரே வைத்தது, நல்ல எண்ணத்தோடு வைத்தது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர்கள் தூங்கமுடியவில்லை என்று முறையிட்டார்கள். இரவில் நிறுத்திப் பகலில் மட்டும் ஓட்டிப் பார்த்தார்கள். 2013-ல் ஊர் வாக்கெடுப்பு நடந்தது. கழற்றவேண்டாம் என்று பெரும்பான்மை சொன்னது. சொல்லத்தானே செய்வார்கள்? சத்தம் கேட்பது சில வீடுகளுக்கு, கழற்றும் செலவு எல்லாருக்கும்.

அந்தச் சில வீடுகள் விடவில்லை. கோர்ட்டுக்குப் போனார்கள். ஊராட்சி தன் சொந்தச் சட்டப்படி வாங்கவேண்டிய விசேஷ அனுமதியை வாங்காமலே முதல் காற்றாடியை வைத்தது என்று 2015-ல் மேல் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2017-ல் ஒரு நீதிபதி இரண்டையும் நிறுத்தச் சொல்லிவிட்டார். இலட்சக்கணக்கான டாலர் வீண். ஊர் இரண்டுபட்டது. அண்டை வீட்டுக்காரர்கள் முகம் பார்த்துப் பேசாமல் போனார்கள். விசேஷ அனுமதி என்றால் என்ன? முன்கூட்டியே விசாரணை வைத்து, பக்கத்தில் குடியிருப்பவனைக் கூப்பிட்டு, "உனக்கு என்ன ஆட்சேபம்?" என்று கேட்பது. அதைச் செய்திருந்தால் இடத்தை மாற்றியிருக்கலாம், இவ்வளவும் மிச்சமாகியிருக்கும்.

கனடா ஆராய்ச்சியில் இன்னொன்றும் தெரியவந்தது. காற்றாடியால் சொந்த லாபம் கிடைத்தவர்களிடம் எரிச்சல் குறைவாக இருந்தது. சிலர் இதைக் காட்டி, "பார்த்தாயா, எல்லாம் பணத்துக்காகத்தான்" என்று கேலி பேசுவார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. தன் சம்மதத்தோடு, தனக்கும் பங்கோடு வந்த சத்தத்தை மனிதன் பொறுத்துக்கொள்கிறான். பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு அழைப்பு வந்தால் மேளச் சத்தம் இனிக்கிறது. அழைக்காவிட்டால் அதே மேளம் இடியாக விழுகிறது. இது மனித சுபாவம்தானே!

சரி, இதெல்லாம் வெளிநாட்டுக் கதை. நம் நாட்டில் காற்றின் பலம் குறைவு. ராட்சதக் காற்றாடி நம் தோட்டத்துக்கு வருவது அபூர்வம். ஆனால் வேறு எத்தனையோ வருகிறது. தோட்ட நிலங்களில் சூரிய ஒளிப் பலகைகள் வருகின்றன. செம்பனை ஆலை பெரிதாகிறது. குப்பை மேடு வருகிறது, தொழிற்பேட்டை வருகிறது. நிலம் கம்பெனியுடையது, லயம் கம்பெனியுடையது, ஆகவே நம்மைக் கேட்கத் தேவையில்லை என்று நினைக்கிறார்கள். நாமும், "நமக்கென்ன பேச்சு" என்று வாயை மூடிக்கொள்கிறோம். அதுதான் தப்பு! நிலம் அவர்களுடையதாக இருக்கலாம். நுரையீரலும் காதும் நம்முடையவை.

பேராக்கில் புக்கிட் மேரா மக்களை மறந்துவிடக்கூடாது. 1982-ல் அங்கே அரிய மண் தொழிற்சாலை தொடங்கியது. தோரியம் கலந்த கதிரியக்கக் கழிவு. மக்கள் வெறும் கூச்சலோடு நிற்கவில்லை. 1984-ல் ஜப்பானியப் பேராசிரியர் ஒருவரை வரவழைத்துக் கதிர்வீச்சை அளந்து பார்த்தார்கள். கணக்கோடு கோர்ட்டுக்குப் போனார்கள். 1992-ல் ஈப்போ உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். 1993-ல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள். ஆனாலும் 1994-ல் தொழிற்சாலை மூடப்பட்டது. கதிரியக்கமும் காற்றாடிச் சத்தமும் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை. அது வேறு, இது வேறு. ஆனால் அளந்து பேசியவர்கள் பேச்சு எடுபட்டது என்ற பாடம் இரண்டுக்கும் பொது.

ஆகவே, உங்கள் தோட்டத்துக்குப் பக்கத்தில் எது வந்தாலும் சங்கக் கிளையைக் கூட்டி இவற்றைச் செய்யுங்கள்:

1. தோண்டுமுன் கேளுங்கள். எவ்வளவு தூரம், எவ்வளவு சத்தம், இரவிலும் ஓடுமா, மழைத் தண்ணீர் எந்த வழியாகப் போகும்? பெரிய திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் மதிப்பீட்டு அறிக்கை தேவைப்படும். சிலவற்றுக்குப் பொதுமக்கள் கருத்தும் கேட்பார்கள். அந்த அறிக்கை எங்கே என்று எழுத்து மூலம் கேளுங்கள்.

2. எழுதி வையுங்கள். ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் போதும். என்ன தேதி, எத்தனை மணி, என்ன சத்தம், யார் தூங்கவில்லை, எந்த வீட்டில் தண்ணீர் நின்றது. "எப்பவுமே சத்தமா இருக்குங்க" என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். தேதி போட்ட நோட்டுக்கு மரியாதை உண்டு.

3. அளக்கச் சொல்லுங்கள். ஆலைக்குள் வேலை செய்கிறவருக்குச் சத்தத்தின் எல்லை எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்று 2019-ஆம் ஆண்டுச் சட்டவிதி சொல்கிறது. அது வேலைத்தளத்து அளவு, படுக்கை அறை அளவு அல்ல. "85-க்குக் கீழேதான் இருக்கு" என்று லயத்துக்கு வந்து யாராவது சொன்னால் ஏமாந்துவிடாதீர்கள்.

4. உடம்புக்கு முடியவில்லை என்றால் கிளினிக்குக்குப் போங்கள். எல்லாவற்றையும் காற்றாடி மேலோ ஆலை மேலோ போட்டுவிட்டு, சர்க்கரையையும் கொதிப்பையும் கவனிக்காமல் விடாதீர்கள். அது நாமே நமக்குச் செய்துகொள்ளும் துரோகம்.

5. வதந்தியைப் பரப்பாதீர்கள். கைப்பேசியில் வருவதெல்லாம் வேதவாக்கு அல்ல.

அந்த அம்மாவுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம் அம்மா, காற்றாடி நல்லதுதான். நிலக்கரிப் புகையை விட ஆயிரம் மடங்கு மேல். உலகத்துக்கு அது வேண்டும். ஆனால் உலகத்துக்கு நல்லது என்பதற்காக, ஒரு சின்ன ஊர் மட்டும் கேள்விமுறை இல்லாமல் அதன் பாரத்தைச் சுமக்கவேண்டும் என்பது நியாயமா? நாட்டுக்கு நல்லது, ஏற்றுமதிக்கு நல்லது என்று சொல்லித்தானே நம் தாத்தா பாட்டிமாரை மலைக்காட்டுக்கும் கொசுக்கடிக்கும் அனுப்பினார்கள்? அவர்களை யார் கேட்டார்கள்?

மன்னார்க்காரர்கள் கேட்பதும் அதுதான். நாமும் கேட்கப் பழகவேண்டும், மரியாதையாக, கணக்கோடு, சங்கமாக.