வலிப்பு நோயை வகுப்பாசிரியரிடம் மறைக்கலாமா?

சில மாதங்களுக்கு முன் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியைப் பெற்றோர் என்னிடம் அழைத்து வந்தனர். பள்ளியில் காலை வழிபாட்டுக் கூட்டத்தின்போது அவளுக்கு வலிப்பு வந்திருக்கிறது. பதறிப்போன ஓர் ஆசிரியர் சாவிக்கொத்தை அவள் கையில் திணித்திருக்கிறார். மற்றொருவர் பற்களுக்கிடையே கரண்டியைச் செலுத்தியிருக்கிறார். இரண்டு நிமிடங்களில் வலிப்பு நின்றது. ஆனால் முன்பல் ஒன்று உடைந்துவிட்டது.

“பள்ளியில் முன்பே சொல்லியிருந்தீர்களா?” என்று கேட்டேன். தாயார் தலைகுனிந்தார். “பொம்பளப் பிள்ளை சார், வெளியே தெரிஞ்சா நாளைக்கு…” என்று தந்தை பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

அந்த ஆசிரியர்களைக் குறை கூற என்னால் இயலவில்லை. அவர்கள் குழந்தையைக் காப்பாற்றவே முனைந்தார்கள். முதலுதவியை அவர்களுக்கு யாரும் கற்பிக்கவில்லை. குழந்தைக்கு நோய் இருப்பதையும் யாரும் தெரிவிக்கவில்லை. முதற்குறை கல்வித்துறையும் மருத்துவர்களாகிய நாங்களும் தீர்க்க வேண்டியது. இரண்டாவது உங்கள் கையில் இருக்கிறது.

பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே அடங்கிவிடும். அந்நேரத்தில் கையில் இரும்பு இருந்தால், பெருமை இரும்புக்குப் போய்ச் சேர்கிறது. செய்ய வேண்டியவை மிக எளியவை. நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கூர்மையான பொருள்களை அகற்றி, தலைக்கடியில் மென்மையான துணியை வையுங்கள். கழுத்துப் பட்டையைத் தளர்த்தி, குழந்தையை ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். கை கால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். வாயில் எதையும் நுழைக்காதீர்கள். முழு நினைவு திரும்பும்வரை தண்ணீரும் கொடுக்காதீர்கள். வலிப்பு 5 நிமிடங்களைக் கடந்தாலோ, நினைவு திரும்புமுன் மீண்டும் வந்தாலோ, அடிபட்டிருந்தாலோ, முதன்முறையாக வந்திருந்தாலோ 108-ஐ அழையுங்கள்.

எல்லா வலிப்பும் கீழே தள்ளுவதில்லை. பாடத்தின் நடுவே சில நொடிகள் விழி நிலைகுத்தி, அழைத்தாலும் கேளாமல், பின்பு ஒன்றும் நிகழாததுபோல் எழுத்தைத் தொடரும் குழந்தையைக் கவனமில்லாதவள் என்று கடிந்துகொள்கிறோம். அதுவும் வலிப்பாக இருக்கலாம். அதை முதலில் காணக்கூடியவர் வகுப்பாசிரியரே.

அந்தத் தந்தையின் அச்சத்தை நான் அறிவேன். ஆயினும், முறையான சிகிச்சை பெற்றால் இந்நோயாளர்களில் 70 விழுக்காட்டினர் வரை வலிப்பின்றி வாழ இயலும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்து திருமணச் சட்டத்தில் திருமணத்துக்குத் தடையாக இருந்த ‘வலிப்பு’ என்னும் சொல்லும் 1999-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீக்கப்பட்டுவிட்டது. சட்டம் கைவிட்ட அச்சத்தை நாம் ஏன் இன்னும் சுமக்க வேண்டும்?

1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நம் புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்களுக்கு எழுத்தோடு மிதிவண்டியும் ஓட்டக் கற்றுக்கொடுத்தது. தொடக்கத்தில் கேலி செய்தவர்களும் பின்னர் அதை இயல்பாக ஏற்றுக்கொண்டனர். பேசப் பேசத்தான் தயக்கம் கரையும்.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. உங்கள் பிள்ளைக்கு வலிப்பு எப்படி வரும், எவ்வளவு நேரம் நீடிக்கும், என்ன மருந்து உட்கொள்கிறாள், எந்த எண்ணில் உங்களை அழைக்க வேண்டும் என்பவற்றை ஒரு தாளில் எழுதி வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். சுற்றுலா செல்லும்போது குளம், கண்மாய் அருகே தனியே விட வேண்டாம் என்பதையும் அதில் சேருங்கள். எழுதத் தயங்கினால் அடுத்த முறை வரும்போது கேளுங்கள். நானே எழுதித் தருகிறேன்.

மற்றொன்று: பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், ஆண்டுக்கு ஒருமுறை எல்லா ஆசிரியர்களுக்கும் வலிப்பு முதலுதவிப் பயிற்சி வேண்டும் என்று கேளுங்கள். தேசிய வலிப்பு நோய் நாளான நவம்பர் 17 அதற்குப் பொருத்தமான நாள். அரைமணி நேரம் போதும்.

அம்மாணவியின் பெற்றோர் அத்தாளைத் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிட்டார்கள். அவள் இப்போதும் அதே பள்ளியில்தான் படிக்கிறாள்.