கல்யாணம் கூட்டு, வரி தனி: வெளிநாட்டில் துணை இருந்தால் எதைக் கவனிக்கணும்?

மத்திகிரியில் குடியிருந்து, அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போகிறவர்கள் நிறைய. மாநிலம் மாறினாலும் அவர்களுக்கு வருமான வரி மாறாது. அது மத்திய அரசின் வரி. ஆனா, கணவரோ மனைவியோ வெளிநாட்டுக் குடிமக்களாக இருந்து, அங்கேயே வசித்தால்? இரண்டு நாட்டு வரிச் சட்டமும் ஒரே குடும்பத்துக்குள் வந்துவிடும்.

மனைவி இங்கே மாதச் சம்பளக்காரர். கணவர் டெக்சாஸில் வேலை பார்க்கும் அமெரிக்கக் குடிமகன் என்று வைத்துக்கொள்வோம்.

இந்தியாவில் தம்பதிக்குக் கூட்டு ரிட்டர்ன் கிடையாது. அவரவர் கணக்கு அவரவருக்கு. கணவர் அங்கே வாங்கும் சம்பளம் இங்கே வராது. அவர் மனைவிக்கு அனுப்பும் பணமும் துணை தரும் அன்பளிப்புதான். எவ்வளவு தொகையானாலும் அதற்கு வரி இல்லை. பலரும் பயப்படுவது இதற்குத்தான். பயப்பட வேண்டிய இடம் வேறு.

“ஒரு வசதிக்கு இருக்கட்டுமே” என்று கணவர் தன் அமெரிக்க வங்கிக் கணக்கில் மனைவி பெயரையும் சேர்க்கிறார். அதற்குப் பிறகு அவர் எளிமையான ஐடிஆர்-1 படிவத்தைப் பயன்படுத்த முடியாது. ஐடிஆர்-2 எடுத்து, ‘ஷெட்யூல் எஃப்ஏ’ என்ற பகுதியில் அந்தக் கணக்கைக் காட்ட வேண்டும். பணம் முழுக்கக் கணவருடையது, அதனால் மனைவிக்கு வரியே வராது என்றாலும் காட்டித்தான் ஆகணும்.

காட்டாவிட்டால்? 2015-ம் ஆண்டு கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கலாம். 2024 அக்டோபர் முதல் ஒரு சலுகை உண்டு: அசையாச் சொத்து தவிர்த்த வெளிநாட்டுச் சொத்துகளின் மொத்த மதிப்பு 20 லட்சத்தைத் தாண்டாவிட்டால் இந்த அபராதம் இல்லை. ஆனா, தெரிவிக்கும் கடமை அப்படியேதான் இருக்கிறது. ‘யாருக்குத் தெரியப்போகுது’ என்பதும் இனி செல்லாது. கணக்கு விவரங்களைப் பகிர இந்தியாவும் அமெரிக்காவும் 2015-லேயே ஒப்பந்தம் போட்டுவிட்டன. வெளிநாட்டுக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு 2024 நவம்பரில் வருமான வரித்துறை எஸ்எம்எஸ், மின்னஞ்சல் அனுப்பியது.

அடுத்த சிக்கல் அமெரிக்கப் பக்கம். அங்கே கணவர் தனியாகவும் தாக்கல் செய்யலாம். மனைவியைச் சேர்த்துக் கூட்டாகவும் செய்யலாம். கூட்டாகச் செய்தால் நிலையான கழிவு இரு மடங்கு. அதைக் காட்டி “ஒரு கையெழுத்துதானே” என்பார்கள். அந்தக் கையெழுத்து போட்டால், மனைவி இங்கே வாங்கும் சம்பளமும் அமெரிக்க ரிட்டர்னில் ஏறும். இங்கே கட்டிய வரியை அங்கே கழித்துக்கொள்ள வழி உண்டு. ஆனா, அந்த ரிட்டர்னில் பாக்கி விழுந்தால் இருவருமே பொறுப்பு.

வரியே வராத ஒரு கணக்கைச் சொல்ல மறந்ததற்கு 10 லட்சம் அபராதம் என்பது அதிகம் என்றே சொல்வேன். ‘வெளிநாட்டுக் கணக்கில் உங்க பெயர் இருக்கிறதா?’ என்று ஐடிஆர்-1 நிரப்பத் தொடங்கும்போதே தெளிவான தமிழில் ஒரு கேள்வி கேட்டால், பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். அது வரும்வரை பொறுப்பு நம் தலையில்தான். வங்கிக் கணக்கில் பெயர் சேர்ப்பதும், கூட்டு ரிட்டர்னில் கையெழுத்துப் போடுவதும் பாசத்தைக் காட்டும் விஷயங்கள் இல்லை, வரி முடிவுகள். இரண்டு நாட்டுச் சட்டமும் தெரிந்த ஆடிட்டரிடம் கேட்ட பிறகு சம்மதம் சொல்லுங்க.