டெல்டா வானத்துக்கு ஏற்றது பைனாகுலர்

பிள்ளைக்கு வானத்தின் மீது ஆசை வந்தால், பெற்றோருக்கு முதலில் தோன்றுவது டெலஸ்கோப்தான். பள்ளிக்கூடங்களும் அதைத்தான் வாங்குகின்றன. விலை மலிந்த டெலஸ்கோப்பின் ஸ்டாண்டு லேசாகத் தொட்டாலே ஆடும். நிலாவைத் தாண்டி வேறொன்றைத் தேடிப் பிடிப்பதற்குள் பிள்ளைக்கு அலுத்துவிடும். ஏறக்குறைய அதே செலவில் ஒரு நல்ல 10×50 பைனாகுலர் கிடைக்கும். திருவாரூர்ப் பக்கத்து வானத்துக்கு அதுதான் பொருத்தம்.

தென்வானமும் நன்றாகத் தெரியும் என்பது ஜவ்வாது மலைக் காவலூர் வானாய்வகத்தின் பெரிய பலம். அதைவிடத் திருவாரூர் ஏறக்குறைய இரண்டு பாகை தெற்கே இருக்கிறது. தொடுவானத்தை மறைக்க ஒரு குன்றுகூடக் கிடையாது.

சித்திரைக் கடைசியில், நிலா இல்லாத இரவில், பத்து மணிவாக்கில் உளுந்து எடுத்த வயலில் தெற்கு பார்த்து நிற்க வேண்டும். உயரத்தில் வெண்ணீலமாகச் சித்திரை நட்சத்திரம் நிற்கும். கையை நீட்டி, அதிலிருந்து நேர் கீழே மூன்றரை முஷ்டி இறங்கினால் ஒமேகா சென்டாரி. வெறும் கண்ணுக்கு மங்கலான ஒற்றை நட்சத்திரம் போலத்தான் தெரியும். பைனாகுலரில் வெடித்த பருத்திக்காய் போல உருண்டு வெளுத்திருக்கும். அது சுமார் 17,000 ஒளியாண்டு தொலைவில், ஒரு கோடி நட்சத்திரங்கள் நெருங்கிக் கிடக்கும் கூட்டம். லண்டனில் அது உதிப்பதே இல்லை. தென்வானத்தை அளக்க செயின்ட் ஹெலினா தீவுக்குக் கப்பலேறிய எட்மண்ட் ஹாலி, 1677இல் அங்கிருந்துதான் அதைக் குறித்துவைத்தார். நம் பிள்ளைகளுக்கோ வயல் வரப்பே போதும்.

10×50 பைனாகுலரில் 10 என்பது பெருக்கம். 50 என்பது முன் லென்ஸின் அகலம், மில்லிமீட்டரில். 50ஐ 10ஆல் வகுத்தால் வரும் 5 மி.மீ.தான் கண்ணுக்குள் நுழையும் ஒளியின் அகலம். இளவயதில் கண்மணி இருட்டில் 7 மி.மீ. வரை விரியும், ஐம்பதைத் தாண்டியவர்களுக்குப் பெரும்பாலும் ஐந்துதான். ஆகவே தாத்தாவும் பேத்தியும் ஒன்றையே மாற்றி மாற்றிப் பார்க்கலாம். பெருக்கம் இதற்கு மேல் கூடக் கூடக் கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும். ஜூம் வகையை வாங்கவே வேண்டாம்.

கடையில் பைனாகுலரை ஓரடி தள்ளிப் பிடித்து, வெளிச்சத்தைப் பார்த்துக் கண் வைக்கும் பக்கத்தைக் கவனிக்க வேண்டும். அங்கே தெரியும் ஒளி வட்டங்கள் முழு வட்டமாக இருக்க வேண்டும். ஓரம் வெட்டுப்பட்டுச் சதுரமாகத் தெரிந்தால் உள்ளே இருப்பது மட்டமான பிரிஸம். டெல்டாவின் ஈரக்காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும் என்பதால், நைட்ரஜன் நிரப்பிய, தண்ணீர் புகாத வகைக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் தப்பில்லை. ஐப்பசி, கார்த்திகையில் சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் மூடி வைக்க வேண்டும்.

சனியின் வளையம் இதில் தெரியாது. வியாழனின் நான்கு நிலாக்கள் தெரியும். சூரியன் பக்கம் மட்டும் திருப்பவே கூடாது, பார்வை போய்விடும். இதைச் சொல்லிக்கொடுத்து, ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் நாலைந்து பைனாகுலர்களை மாணவர்கள் கையில் கொடுக்கலாம். ஒரே டெலஸ்கோப்பின் முன் நாற்பது பேர் வரிசையில் நிற்க வேண்டியதில்லை.