சுற்றுலாத் தாளில் மூன்றாவது கட்டம்



பள்ளிச் சுற்றுலா என்றதும் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்படுகிறது. அதில் இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒன்றில் இடங்களின் பெயர், மற்றதில் நேரம். இரண்டு நாளில் பத்துப் பன்னிரண்டு இடங்களை அடக்கிவிட்டால் அது நல்ல சுற்றுலா என்று எண்ணிவிடுகிறோம். கடற்கரைப் பயணத்துக்கு இந்தத் தாள் போதாது என்பது என் கருத்து. அன்றைக்குக் கடலும் வானும் எப்படி இருக்கும் என்பதை எழுத மூன்றாவதாக ஒரு கட்டம் வேண்டும். அதை நிரப்ப வேண்டியவர்கள் நீங்களே.

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர், மணப்பாடு, உவரி வழியாகக் கன்னியாகுமரிக்குச் செல்லும் கடற்கரைச் சாலையை எடுத்துக்கொள்வோம். தொலைவு ஏறத்தாழ 130 கி.மீ. இரண்டு நாள் பயணத்துக்கு ஏற்ற வழி இது.

முதல் கேள்வி, எந்த மாதம் போவது என்பது. தூத்துக்குடியின் உப்பளங்களை வடகிழக்குப் பருவமழையின்போது காணச் சென்றால் பாத்திகளில் மழைநீர்தான் தேங்கி நிற்கும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அந்நீர் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காக வற்றிய பிறகே சோற்றுப்பு படிகமாகத் தொடங்கும். அதற்கு வெயிலும் காற்றும் வேண்டும். ஆகவே வெயில் காலத்தில் சென்றவர் உப்பு விளைவதைக் காண்பார். மழைக்காலத்தில் சென்றவர் வெறும் குளத்தைக் காண்பார்.

கன்னியாகுமரியில் கதிரவன் கடலில் மறைவதைக் காண எல்லோரும் ஆசைப்படுகிறோம். கதிரவன் மறையும் இடம் ஆண்டு முழுவதும் ஒன்றாக இருப்பதில்லை. ஜூனில் அது மேற்கிலிருந்து வடக்கே சுமார் 23½ பாகை விலகியிருக்கும். டிசம்பரில் தெற்கே அதே அளவு விலகியிருக்கும். குமரி முனையிலிருந்து கடற்கரை மேற்கிலிருந்து சற்று வடக்கு நோக்கிச் செல்கிறது. எனவே டிசம்பர், ஜனவரியில் கதிரவன் கடலில் மறைகிறது. ஜூனில் நிலத்தின் பக்கமாக ஒதுங்கிவிடுகிறது. கோணமானியும் நில வரைபடமும் இருந்தால் இதை வகுப்பறையிலேயே கண்டுகொள்ளலாம்.

அடுத்தது நிலவு. அமாவாசை, பௌர்ணமி நாட்களில் நிலவின் ஈர்ப்பும் கதிரவனின் ஈர்ப்பும் ஒரே கோட்டில் சேர்வதால் கடல்மட்டம் வழக்கத்தைவிட உயர்ந்தும் தாழ்ந்தும் போகும். நீர்மட்டம் மிகத் தாழ்ந்தாலும் அலை மிகுந்தாலும் விவேகானந்தர் பாறைக்குச் செல்லும் படகுகளை நிறுத்திவிடுவது வழக்கம். தாளில் "காலை 9 மணி, படகு" என்று எழுதுவோர் நாட்காட்டியில் திதியையும் ஒரு முறை பார்க்க வேண்டாமா?

இதுவரை சொன்னவற்றைத் தவறவிட்டால் ஏமாற்றம் ஒன்றே மிஞ்சும். இனிச் சொல்வதைத் தவறவிட்டால் உயிருக்கே கேடு. 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரத்தை அடுத்த லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவர் அலையில் இழுத்துச் செல்லப்பட்டு உயிரிழந்தனர். 'கள்ளக்கடல்' எச்சரிக்கை விடப்பட்டிருந்த நாட்கள் அவை. கரையில் புயலும் இல்லாமல், பெருங்காற்றும் இல்லாமல் திடீரெனக் கடல் ஏறி வருவதால் மீனவர்கள் இட்ட பெயர் அது.

இது எப்படி நேர்கிறது? குமரி முனைக்கு நேர் தெற்கே அண்டார்க்டிகா வரை பெருநிலம் எதுவும் கிடையாது. அந்தத் தென்கடலில் வீசும் புயல்கள் நெடிய அலைகளை எழுப்புகின்றன. 16 வினாடிக்கு ஒரு முறை எழும் அலையாயின், அதன் ஆற்றல் ஆழ்கடலில் மணிக்குச் சுமார் 45 கி.மீ. வேகத்தில் பரவும். ஒரு நாளில் 1,000 கி.மீ.க்குச் சற்று அதிகம். பல ஆயிரம் கி.மீ. கடந்து நம் கரையைத் தொடப் பல நாட்கள் ஆகின்றன. ஆகவே நம் தலைக்குமேல் வானம் தெளிவாக இருக்கிறது என்பதை வைத்துக் கடலை எடை போடக் கூடாது.

இதிலேயே நமக்கு ஒரு நன்மையும் உண்டு. அலை வந்து சேர எடுத்துக்கொள்ளும் நாட்கள்தாம் முன்னறிவிப்புக்குக் கிடைக்கும் நாட்கள். ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் (இன்காய்ஸ்) இத்தகைய எச்சரிக்கைகளை முன்கூட்டியே வெளியிடுகிறது. புறப்படும் நாளன்று அதைப் பார்த்துக் கட்டத்தில் எழுதுவது ஐந்து நிமிட வேலை.

மற்றொன்றையும் நினைவில் வையுங்கள். அலைகள் கரைக்குக் கொண்டுவந்து குவிக்கும் நீர், ஒரு குறுகிய வாய்க்கால் வழியே வேகமாகக் கடலுக்குத் திரும்புவதுண்டு. அவ்விடத்தில் அலை அதிகம் உடைவதில்லை. பார்வைக்கு அமைதியாகத் தோன்றும். அமைதி என்று நம்பி இறங்குபவரை அது உள்ளே இழுத்துச் செல்லும். "அண்ணாச்சி, இங்கே இறங்கலாமா?" என்று கரையில் வலை உலர்த்துபவரிடம் கேட்பது கௌரவக் குறைவல்ல. அவர் வேண்டாம் என்றால், வேண்டாம்.

சாலைக்கு வருவோம். பத்து இடங்களைத் தாளில் திணித்துவிட்டால், பிந்திய நேரத்தை ஓட்டுநர் வேகத்தால் ஈடுகட்ட வேண்டியிருக்கும். மணிக்கு 36 கி.மீ. என்பது வினாடிக்கு 10 மீட்டர். தடையைக் கண்டு காலைத் தடுப்பில் வைக்க ஒரு வினாடி. அதற்குள் வண்டி 10 மீட்டர் ஓடிவிடும். பிறகு வேகம் வினாடிக்கு 5 மீட்டர்/வினாடி வீதம் குறைந்தால் மேலும் 10 மீட்டர். ஆக 20 மீட்டர். வேகத்தை இரு மடங்காக்குங்கள்: முதலில் 20, பின்பு 40, ஆக 60 மீட்டர். வேகம் இரண்டு மடங்கு. நிற்கும் தொலைவோ மூன்று மடங்கு. இரவெல்லாம் விழித்த ஓட்டுநருக்கு ஒரு வினாடி தாமதமானால் இன்னும் 20 மீட்டர் கூடும்.

"பணம் கட்டி வருகிற பிள்ளைகளுக்கு எல்லா இடங்களையும் காட்ட வேண்டாமா?" என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பல குடும்பங்களுக்கு இது ஆண்டில் ஒரே பயணம். ஆனால் பேருந்தைவிட்டு இறங்கி, கடைகளைச் சுற்றி, விசில் ஊதியதும் ஏறிக்கொள்வதைக் கண்டதாகச் சொல்ல முடியுமா? ஓர் உப்பளத்தில் ஒரு மணி நேரம், குமரிக் கரையில் மணலின் கருமையும் செம்மையும் எங்கிருந்து வந்தன என்று ஆராய ஒரு மணி நேரம். கருமணலின் இல்மனைட்டு வெண்மணலைவிட ஏறத்தாழ முக்கால் பங்கு அதிக அடர்த்தி உடையது; அலை இலேசானதை அள்ளிச் சென்று கனமானதை விட்டுச் செல்கிறது. இதைக் கண்ட மாணவன் அந்தப் பணத்துக்கு முழுப் பலனும் பெற்றவன்.

ஆகவே நான்கு இடங்கள் போதும். மூன்றாவது கட்டத்தில் திதி, கதிரவன் எழும் நேரமும் மறையும் நேரமும், காற்று, கடல் எச்சரிக்கை ஆகியவற்றை எழுதுங்கள். கடல் சரியில்லை என்றால் எங்கே போவது என்பதையும் எழுதுங்கள். பத்மநாபபுரம் அரண்மனை அருகில்தான் இருக்கிறது. இந்த ஆண்டுச் சுற்றுலாத் தாள் பலகையில் ஏறும்போது, மூன்றாவது கட்டம் எங்கே என்று கேளுங்கள். இல்லையென்றால் அளவுகோலை எடுத்து நீங்களே கோடு போடுங்கள்.